சிராய்ப்பின் பெயரால் ஒரு விளையாட்டு

தாம்பரம் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றை இரண்டு தடங்களைக் கொண்டு எழுதிவிடலாம். ஒன்று, 1931ஆம் ஆண்டு முதல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை. மற்றொன்று, அதனை ஒட்டியே கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகத் தெற்கே நீளும் ஜி.எஸ்.டி. சாலை. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்குக் குடிபெயர்ந்ததும், 1984இல் ஏற்றுமதித் தொழில் வளாகம் அமைந்ததும், அதன்பின் வண்டலூருக்குத் தெற்கே பொறியியற் கல்லூரிகள் வரிசையாக எழுந்ததும் இவ்விரு தடங்களின் பயனே ஆகும். இவ்வட்டாரத்து இளைஞரின் ஒரு தலைமுறைக்கு மூன்றாம் தடம் ஒன்றும் இருந்தது. அது கலிபோர்னியா மாநிலத்துச் சாலை. கண்ணாடித் திரையில் மட்டுமே அது ஓடியது. ‘ரோடு ராஷ்’ என்பது அதன் பெயர்.

கணிப்பொறி விளையாட்டு ஒன்றின் வரலாறு இலக்கிய மன்றத்தின் மலரில் இடம்பெறுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றக்கூடும். பல்லாங்குழியையும் ஆடுபுலி ஆட்டத்தையும் ஆராய்ந்து பட்டம் பெறுவோர் பலர் உளர். தம் வீட்டுக் கூடத்தில் தம் மக்கள் விடியும்வரை ஆடியது என்ன என்று எட்டிப் பார்த்தவர் சிலரே. ஓர் ஆட்டம் பழையதாகி மறையும் நிலைக்கு வந்தால்தான் அதனை நாட்டார் வழக்காறு என்று போற்றும் பழக்கம் நமக்கு உண்டு.

‘ரோடு ராஷ்’ முதன்முதலில் 1991இல் வெளிவந்தது. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், ஜப்பானின் செகா நிறுவனத்தார் செய்த விளையாட்டுப் பொறிக்கென இதனை உருவாக்கியது. ராண்டி பிரீன், டேன் கைஸ்லர் முதலியோர் இதனை வகுத்தோருள் குறிப்பிடத்தக்கவர். மோட்டார் சைக்கிள் பந்தயமே ஆட்டத்தின் பொருள். ஆனால் அது பந்தயத் திடலில் நிகழும் ஒழுங்கான பந்தயம் அன்று. கார்கள் எதிரும் புதிருமாக ஓடும் பொதுச்சாலையில் நடக்கும் கள்ளப் பந்தயம். பக்கத்தில் வருபவனைக் கையால் குத்தலாம். காலால் உதைத்து எதிர்வரும் வண்டியின்மேல் தள்ளலாம். அவன் கையில் தடி இருந்தால், அவன் ஓங்கும் நேரம் பார்த்து அதைப் பறித்து அவனையே அடிக்கலாம். காவலர் துரத்திவந்து பிடித்தால் தண்டம் கட்டவேண்டும். பரிசுப் பணத்தைச் சேர்த்து இன்னும் விரைவான வண்டி வாங்கலாம். 1992இல் வந்த இரண்டாம் பகுதியில் தடியோடு சங்கிலியும் சேர்ந்தது. 1994இல் நடிகர்களைப் படம்பிடித்த காட்சிகளும் மேலைநாட்டு ராக் குழுக்களின் பாடல்களும் கொண்ட புதிய வடிவம் ஒன்று தோன்றியது. அவ்வடிவமே 1996இல் விண்டோஸ் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டது. தென்சென்னைப் புறநகர் அறிந்த ‘ரோடு ராஷ்’ இதுவே.

பெயரின் பொருளை ஈண்டு நோக்குதல் தகும். ஓடும் வண்டியிலிருந்து விழுந்தவனின் தோல் தார்ச்சாலையில் உராய்ந்து உண்டாகும் சிராய்ப்பையே ஆங்கிலத்தில் அவ்வாறு வழங்குவர். பந்தய விளையாட்டுகள் பெரும்பாலும் விரைவின் பெயரையோ வெற்றியின் பெயரையோ சூடிக்கொள்ளும். இது காயத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. இதன் சுவையறிந்தோர் இதனை விரும்பிய காரணமும் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இங்கு அது வந்து சேர்ந்த வழி கடைவழி அன்று. விலை கொடுத்துப் பெட்டியோடு வாங்கியவர் மிகச் சிலராகவே இருத்தல் வேண்டும். ரிச்சி தெருவில் உறுப்புகளை வாங்கிக் கூட்டிய கணிப்பொறி ஒன்று விடுதி அறைக்கு வரும். அதனுடன் நண்பர் கைமாற்றித் தந்த குறுந்தகடும் வரும். உரிமை பெறாத படிகளே பரவின என்பதை மறைப்பதற்கில்லை. இடம் அடைக்கிறது என்று பாடல்களையும் படக்காட்சிகளையும் நீக்கிவிட்ட படிகளும் சுற்றின. ஆகவே அமெரிக்கக் குழுவினர் பெருமையோடு சேர்த்த இசையைக் கேளாமலே இதனைக் கரைத்துக் குடித்தவர் பலர். கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களில் ஆசிரியர் தலை மறைந்ததும் திரையில் இதுவே தோன்றும். 1995 ஆகஸ்டு 15 அன்று நாட்டில் இணையச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை எங்கும் பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கணக்கில் வாடகை செலுத்தி ஆடுவோர்க்கு அவை ஆடுகளமாயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் அறிஞர்கள் தமிழ் விசைப்பலகையின் எழுத்து வரிசை குறித்து நெடிது வாதிட்டு ஒரு தரத்தை வகுத்தனர். அதே நாள்களில் இவ்விளைஞர்க்கோ விசைப்பலகையில் நான்கு அம்புக்குறிகளும் அடிக்கவும் உதைக்கவும் ஓரிரு விசைகளும் தேய்ந்தால் போதுமானதாக இருந்தது!

ஓர் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பணக்கணக்குப் பாராமல் நேரே சாலையில் இறங்கும் வாய்ப்பும் உண்டு. மொழியறிவு வேண்டியதில்லை. தமிழ்வழி பயின்று வந்த முதலாண்டு மாணவனும் ஆங்கிலவழி பயின்றவனும் சமமாக அமரக்கூடிய இருக்கை அக்கல்லூரி வாழ்வில் வேறு எத்தனை இருந்தன? எனினும் எளிமையும் விரைவும் வேறு விளையாட்டுகளுக்கும் உண்டு. இதற்கே உரிய சிறப்பு, விழுந்தபின் நிகழ்வது.

வண்டி எதிலேனும் மோதியதும் ஓட்டுநன் வானில் எறியப்படுவான். சாலையில் உருண்டு நெடுந்தொலைவு சென்று கிடப்பான். ஆட்டம் அத்துடன் முடிந்துவிடாது. அவன் எழுந்து நின்று, எங்கோ கிடக்கும் தன் வண்டியை நோக்கிக் குறுக்கே பாயும் கார்களுக்கிடையே ஓடத் தொடங்குவான். கடந்துசென்ற பகைவர் எல்லாரும் முந்திக்கொண்டிருப்பர். சற்றுமுன் காற்றாய்ப் பறந்தவன் மூச்சிரைக்க ஓடும் அக்காட்சியில் அறை முழுதும் சிரிப்பு எழும். ஆடுபவனும் சிரிப்பான்.

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர் அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் காட்டினார். பிறரை எள்ளுதலேயன்றித் தான் எள்ளப்படுதலும் நகைக்கு இடமாகும் என்பது உரையாசிரியர் கண்ட நுட்பம். ‘ரோடு ராஷ்’ தந்த நகை இவ்விரண்டாம் வகையது. பகைவனை உதைத்துத் தள்ளும்போது பிறப்பது முதல்வகைச் சிரிப்பு. அதில் சற்றே கொடுமை கலந்திருக்கும். அடுத்த நொடியில் தானே பசுமரத்தில் மோதிப் பறக்கும்போது அக்கொடுமைக்குக் கணக்கு நேராகிவிடும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனை எள்ளும் உரிமை பெறுவது, தானும் எள்ளப்பட இசைந்தவன் என்பதனால் அன்றோ! கலித்தொகையின் ஏறுதழுவற் காட்சிகளிலும் வீழ்தல் உண்டு. அங்கு விழுந்தவனின் குருதி மெய்யானது. ஆகவே அங்குப் பிறப்பது மருட்கையும் அச்சமுமே.

மெய்யான பந்தயமும் சென்னைக்குப் புதிதன்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப்பந்தயத் தடமே அமைந்தது. தாம்பரத்திலிருந்து அது தொலைவு அன்று. ஆயினும் அங்கு இறங்குதற்கு வேண்டிய பொருள்வளம் தொலைவு. தந்தையர் ஓட்டியது 1980இல் வந்த டி.வி.எஸ். 50. மைந்தர் கனவு கண்டது 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100. அவ்வண்டியின் உற்பத்தி 1996இல் நின்றது. அவ்வாண்டே திரையில் இவ்வண்டிகள் வந்தன. தற்செயல் நிகழ்வே எனினும் அன்றைய இளைஞர் நினைவில் இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன.

இவ்விளையாட்டு இளைஞரைக் கெடுத்தது என்ற குற்றச்சாட்டு அன்று முதல் உண்டு. சாலையில் உதைப்பதை வேடிக்கையாகக் காட்டுவதால் அதை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆனால் இதன் பெரும்பொய் உதையில் இல்லை, எழுச்சியில் உள்ளது. ஜி.எஸ்.டி. சாலையில் விழுந்தவன் எழுந்து ஓடுவதில்லை. தலைக்கவசம் கட்டாயம் என 2007இல் அரசு ஆணையிட்டும், 2015 ஜூலை முதல் உயர்நீதிமன்ற ஆணையின்படி அதனை மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. இருசக்கர வண்டி விபத்தில் மாணவரை இழந்த துயரம் அறியாத கல்லூரி இத்தடத்தில் அரிது. பெருங்களத்தூரில் சாலையைக் கடக்கக் கால்மணி நேரம் காத்து நின்றவர்களே அறைக்குத் திரும்பி இதை ஆடினர். சாலை என்ன செய்யும் என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். அறிந்திருந்ததனாலேயே, ஒவ்வொரு முறையும் தூசு தட்டி எழுபவனை அத்துணை விரும்பினர் என்று கொள்வதே பொருந்தும். அப்பொய் அவர்க்கு வேண்டியிருந்தது. அதனை மெய்யென்று கொண்டு கடற்கரைச் சாலைகளில் இரவுப் பந்தயம் ஓட்டியவரும் இருந்தனர். அவர்க்காகக் காவல்துறை இன்றும் விழித்திருக்க வேண்டியுள்ளது.

தொடர் நெடுநாள் நிலைக்கவில்லை. 1998இலும் 1999இலும் வந்த முப்பரிமாண வடிவங்கள் இங்கு அத்துணை பரவவில்லை. 2000இல் ‘ஜெயில்பிரேக்’ என்ற பகுதி வந்தது. கைப்பொறிக்கான வடிவம் ஒன்று 2003இல் வந்ததோடு நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2013இல் உலகெங்கும் உள்ள சுவைஞர் பொருள் திரட்டி உதவ, வேறொரு குழுவினர் ‘ரோடு ரிடம்ப்ஷன்’ என்ற வழித்தோன்றலை உருவாக்கி 2017இல் முழுமையாக வெளியிட்டனர். அன்று மாணவராயிருந்தோர் இன்று நாற்பதைக் கடந்தவர். பேரூராட்சிகளும் நகராட்சிகளும் இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. 2023 இறுதியில் கிளாம்பாக்கத்துக்குப் பேருந்து முனையமும் வந்துவிட்டது. பழைய 1996 வடிவத்தைப் புதிய கணிப்பொறியில் ஓடவைக்கும் வழி தேடுவோர் அவர்களுள் இன்னும் உளர். எத்தனை பந்தயத்தில் முதலாவதாக வந்தோம் என்பதை அவர்கள் சொல்வதில்லை. எதிரே வந்த கார், தூக்கி எறியப்பட்ட உயரம், முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற காவலர் வண்டி, கைக்கெட்டும் தொலைவில் கிடந்த தம் வண்டி இவற்றையே சொல்கின்றனர்.