காவலர் பயிற்சியும் காவல் நிலையமும்: இடையில் விழும் ஆண்டுகள்

சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் தன் அறிக்கையை அளித்தது. வரி பாக்கிக்காகக் குடியானவனின் விரல்களைக் கிட்டியில் நெரித்த சிப்பந்திகளே திருட்டு வழக்கில் வாக்குமூலமும் வாங்கினார்கள். வருவாய்க்கும் காவலுக்கும் அன்று ஆட்கள் வேறு வேறு அல்லர். இரண்டையும் பிரித்துக் காவலைத் தனித் துறையாக்கியது 1859ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டம். நம் காவல்துறை உருவானதில் ஒரு சித்திரவதை விசாரணைக்குப் பங்கு உண்டு என்பதைப் பயிற்சிப் பள்ளியின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தன் பிடியில் இருக்கும் மனிதரிடம் காவலர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் காட்டிலும் பயிற்சியை அளக்க நேர்மையான அளவுகோல் வேறில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும், 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளியும் உயிரிழந்தார்கள். இத்தகைய கொடுமை நிகழும்போதெல்லாம் காவலர்களுக்கு மனித உரிமைப் பயிற்சி வேண்டும் என்ற குரல் எழுகிறது. பாடத்திட்டத்தில் சில மணி நேரம் கூடுகிறது. ஆனால் குறை பாடத்தில் இல்லை. சமூக அறிவியலாளர் எம்.எஸ். கோரே தலைமையில் 1971இல் அமைந்த காவலர் பயிற்சிக் குழுவே, உடற்பயிற்சியைவிட மனப்பாங்கை வளர்ப்பதில் கவனம் வேண்டும் என்று வாதிட்டது. உளவியலும் மனித உரிமையும் பாடங்களாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கற்ற பாடத்துக்கும் அது தேவைப்படும் நாளுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் போதிய அளவு ஆராயவில்லை.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகும் இளைஞரின் பாதையைப் பார்ப்போம். பயிற்சிப் பள்ளியில் விடியலில் கவாத்து, பகலில் சட்ட வகுப்பு. பயிற்சி நிறைவு அணிவகுப்பு முடிந்ததும் அவர் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் பட்டாலியனுக்கோ போகிறார். அங்கே பந்தோபஸ்து, பாரா, கைதி வழிக்காவல். கவாத்து அங்கும் தொடர்கிறது. சட்டப் புத்தகத்தைத் திறக்க வேலையே வராது. ஆண்டுகள் சில கழித்துத்தான் தாலுகா காவல் நிலையம். அந்த மாறுதலை ஒட்டி ஒரு சிறு வகுப்பு நடந்தாலும், கைது செய்வது, சோதனையிடுவது, விசாரிப்பது எல்லாவற்றையும் நடைமுறையில் அவருக்குக் கற்றுத்தருபவர்கள் நிலையத்து ஏட்டும் ரைட்டரும்தான். மேலும் 2024 ஜூலை 1இல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு பள்ளியில் படித்துவிட்டுப் பட்டாலியனில் இருந்தவர் மனப்பாடம் செய்த பிரிவு எண்கள்கூட இன்று செல்லாது.

நிலையத்தில் அவர் கற்பது என்ன? ஒரு திருட்டு வழக்கின் ஒப்புதல் வாக்குமூலத்தை எடுத்துப் படித்தால் தெரியும். ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் வாசகம் பெரிதாக மாறாது: குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து பேசுகிறார், தன்னை அழைத்துச் சென்றால் பொருளை மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்திடுகிறார்கள். அடுத்து கைப்பற்றுதல் மகஜர். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது. ஆனால் பொருள் கண்டெடுக்கப்படக் காரணமான பகுதியை மட்டும் ஏற்கும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவின் காப்புரையாகத் தொடர்கிறது. வழக்கின் பாரம் முழுவதும் அந்த ஒரு பகுதியின் மேல் விழும்போது, அதை வாங்கக் குறுக்குவழி சந்தேக நபரின் உடல் என்று ஆகிவிடுகிறது. அடிப்பது குற்றம் என்பது எந்தக் காவலருக்கும் தெரியாததல்ல. அடிக்காமல் உண்மையை எப்படி வரவழைப்பது என்பதுதான் தெரியாது. அதைத் தொழில் நுணுக்கமாக உட்காரவைத்துக் கற்பிப்பதுதான் பயிற்சிக் கழகத்தின் தலையாய பணி.

இது ஆகாத காரியமல்ல. கில்ட்ஃபோர்டு, பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்குகளில் கட்டாய வாக்குமூலத்தால் தண்டிக்கப்பட்டவர்கள் 1989லும் 1991லும் விடுதலையானபோது இங்கிலாந்துக் காவல்துறையின் மானம் கப்பலேறியது. விசாரணையை ஒலிப்பதிவு செய்வதற்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வழி செய்திருந்தது. 1992 முதல் 'பீஸ்' என்ற விசாரணை முறையைக் காவலர்களுக்குக் கற்பித்தார்கள். முன்தயாரிப்போடு தொடங்கு, எதிரில் இருப்பவரைத் தடையின்றிப் பேசவிடு, அவர் சொன்னதைப் பிற சான்றுகளோடு ஒப்பிடு, முடிவில் உன் விசாரணையையே மதிப்பிடு என்பது அதன் சாரம். ஒப்புதலை இலக்காகக் கொள்ளாமல் தகவலை இலக்காகக் கொண்டதுதான் பெரிய மாற்றம்.

மேலதிகாரியின் நெருக்கடியையும் ஆள் பற்றாக்குறையையும் விட்டுவிட்டுப் பயிற்சியைப் பேசிப் பயனில்லை என்பார்கள். நெருக்கடி உண்மைதான். ஆனால் இங்கும் சட்டம் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்யப் புதிய நடைமுறைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கு வர வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. இவற்றைக் கையாளத் தெரிந்தவருக்கு வாக்குமூலத்தை நம்பியிருக்கும் தேவை குறையும்.

ஐ.பி.எஸ். அதிகாரிகள் ஐதராபாத்தில் பயின்று, மாவட்டத்தில் களப்பயிற்சி பெற்று, மீண்டும் அதே தேசியக் கழகத்துக்குத் திரும்பி இரண்டாம் கட்டம் பயில்கிறார்கள். களத்தில் கண்டதைப் பாடத்தோடு உரசிப் பார்க்கும் அந்த வாய்ப்பு, மக்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் காவலருக்கு ஏன் இல்லை? தாலுகா நிலையத்தில் சேரும்போது ஒரு முறை, ஓராண்டு கழித்து இன்னொரு முறை அவரைப் பயிற்சிப் பள்ளிக்கு அழைக்க வேண்டும். அங்கே கற்பிப்பவர் விசாரணையில் பேர்பெற்ற அதிகாரியாக இருக்க வேண்டும். பயிற்சிப் பணியைத் தண்டனை இடமாற்றமாக நினைக்கும் வழக்கம் ஒழியாமல் அப்படிப்பட்டவர் வரமாட்டார். இரண்டாம் முறை வரும் காவலர் தாம் வேலை பார்த்த வழக்கின் டைரியையும் மகஜரையும் கொண்டுவரட்டும். கைப்பற்றுதலை நம்ப மறுத்து எதிரியை விடுவித்த தீர்ப்புகளை ஊனமாஞ்சேரிக் காவல் உயர் பயிற்சியகம் திரட்டி அனுப்பட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பு நடக்கட்டும்.