சட்டைக் கஞ்சியும் சம்பந்தி வீட்டுக் கேள்வியும்



சுங்கைப்பட்டாணியில் நாங்கள் நடத்திய கருத்தரங்கின் இறுதியில், பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "தம்பி, என் பையன் நாலாம் பாரம் படிக்கிறப்போ பள்ளிக்கூடத்துல ரத்தம் எடுத்தாங்க. தலசீமியா கேரியர்னு தாள் வந்துச்சு. இப்போ பொண்ணு பாக்குறோம். இதைச் சொன்னா, எங்க ரத்தமே கெட்டதுன்னு நினைக்க மாட்டாங்களா?"

அரங்கம் அமைதியானது. நான் படித்தது மக்கள் தொடர்புத் துறை, மருத்துவம் அல்ல. அன்று மருத்துவர் ஒருவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டேன். ஆனால், 'கெட்ட இரத்தம்' என்ற சொல் என்னை விடவில்லை. இரத்தத்தில் உள்ளதை மனிதன் எப்படிப் பிரித்துப் பார்க்கக் கற்றான் என்று தேடிப் படித்தேன். அந்த வரலாறு ஒரு சலவைத் தொட்டியில் தொடங்குகிறது.

1954ஆம் ஆண்டு. கனடாவின் டொரோண்டோ நகரில் ஆலிவர் ஸ்மித்திஸ் என்ற இளம் ஆய்வாளர் இன்சுலின் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார். புரதங்களைப் பிரிக்க அப்போது வடிதாளில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். இன்சுலினோ தாளிலேயே ஒட்டிக்கொண்டது. மாவுத் துகள்களைப் பரப்பிப் பிரிக்கும் முறை ஒன்றும் இருந்தது. ஆனால், அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அவருக்கோ உதவியாளர் இல்லை.

அப்போது சிறு வயது நினைவு ஒன்று வந்தது. இங்கிலாந்தில் அவருடைய தாயார் தந்தையின் சட்டைகளுக்குக் கஞ்சி போடுவார். சூடாக இருக்கும் கஞ்சி ஆறியதும் கூழாகக் கட்டிக்கொள்ளும். நம் வீட்டிலும் பள்ளிச் சீருடைக்குச் சோற்றுக் கஞ்சி போட்ட அம்மாக்களுக்கு இது புதிதல்ல. ஸ்மித்திஸ் உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சி, ஆறவைத்து, அந்தக் கூழில் மின்சாரம் பாய்ச்சினார். இதுதான் 'ஜெல் எலெக்ட்ரோபோரெசிஸ்'. இன்சுலினோடு நிற்காமல் இரத்தச் சீரத்தையும் அதில் வைத்துப் பார்த்தார்.

அது எப்படி வேலை செய்கிறது? சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் தேவஸ்தானத்தில் தைப்பூசக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். சிறுபிள்ளை கால்களுக்கிடையே நுழைந்து முன்னே போய்விடும். காவடி எடுப்பவர் மெல்லத்தான் நகர முடியும். பத்துப் பேர் கைகோத்து வந்தால் இன்னும் தாமதம். கூழுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகளும் அந்தக் கூட்டத்தைப் போலத்தான். மின்சாரம் புரதங்களை இழுக்கிறது. சிறியவை முந்துகின்றன, பெரியவை பிந்துகின்றன. தாளில் ஐந்து பட்டைகளாகத் தெரிந்த சீரம், கூழில் பத்துக்கும் மேற்பட்டவையாகப் பிரிந்து நின்றது.

இன்னொரு வியப்பும் காத்திருந்தது. ஆளுக்கு ஆள் பட்டைகள் மாறின. ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதம் என்றே ஸ்மித்திஸ் முதலில் நினைத்தார். மேலும் சிலரைச் சோதித்தபோது அந்த எண்ணம் உடைந்தது. நார்மா ஃபோர்ட் வாக்கர் என்ற மரபியல் அறிஞருடன் சேர்ந்து குடும்பங்களை ஆராய்ந்தார். தாய் ஒரு பங்கு, தந்தை ஒரு பங்கு கொடுத்ததே அந்த வேறுபாடு என்பது 1955இல் வெளிவந்தது.

அந்தப் புரதத்தின் பெயர் ஹாப்டோகுளோபின். ஒரு வகையினரிடம் அது தனித்தனியாக இருக்கும். மற்றொரு வகையினரிடம் பல சேர்ந்து பெரிய சங்கிலியாகக் கோத்திருக்கும். இந்தியர்களிடம் இந்த இரண்டாம் வகையே மிகுதி. சிவப்பணுக்கள் உடையும்போது வெளியே கொட்டும் ஹீமோகுளோபினைப் பிடித்து அப்புறப்படுத்துவதே அதன் வேலை. மலேரியா சிவப்பணுக்களை உடைக்கும் நோய். கொய்னா மாத்திரை விழுங்கி வேலைக்குப் போன நம் தாத்தா பாட்டிகளின் உடலில் இந்தப் புரதம் எவ்வளவு பாடுபட்டிருக்கும்!

மின்சாரத்தில் பிரிக்கும் இதே வழியில் ஹீமோகுளோபினையும் ஆராய்ந்தார்கள். நம் வட்டாரத்தில் முக்கியமானவர் லீ இஞ்சோ லுவான் எங் என்ற பெண் மருத்துவர். இந்தோனேசியாவில், உடல் வீங்கிய நிலையில் பிறந்த குழந்தை ஒன்றின் இரத்தத்தில், வழக்கத்தைவிட வேகமாக ஓடும் ஹீமோகுளோபினை அவரும் அவருடைய சக ஆய்வாளரும் கண்டு 1960இல் வெளியிட்டார்கள். தலசீமியாவின் மிகக் கடுமையான வடிவம் அது. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றி, மலேசிய மக்களின் இரத்த வேறுபாடுகளை அவர் பதிவு செய்தார்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். 1949இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற அறிஞர் ஒரு கருத்தைச் சொன்னார்: தலசீமியா கேரியர்களை மலேரியா அவ்வளவாக வீழ்த்துவதில்லை, அதனால்தான் மலேரியா மிகுந்த நாடுகளில் அவர்கள் அதிகம். பின்னர் வந்த ஆய்வுகள் அதற்கு வலு சேர்த்தன. அப்படியானால் அது கெட்ட இரத்தமா? முன்னோரை வாழவைத்த இரத்தம் என்றல்லவா சொல்ல வேண்டும்!

ஆனால், மறைத்தால் ஆபத்து உண்டு. கேரியர் என்பவர் நோயாளி அல்லர். ஒரே வகைத் தலசீமியாவுக்கு இருவருமே கேரியராக இருந்து மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் நோய் வரலாம். பீட்டா வகையில் அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். சேரும் இரும்புச் சத்தை நீக்க மருந்தும் வேண்டும். நாலாம் பாரத்து மாணவர்களுக்கான சோதனையை அரசு 2016இல் தொடங்கியது இதற்காகத்தான்.

பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். சாதி, குலம் விசாரிக்கிறோம். ஸ்மித்திஸின் கூழில் சாதி தெரியவில்லை. தாயும் தந்தையும் கொடுத்தது மட்டுமே தெரிந்தது. அந்தச் சோதனைத் தாளும் அதைத்தான் சொல்கிறது.

அம்மா, நீங்கள் இதைப் படித்துக் கொண்டிருந்தால் பெண் வீட்டாரிடம் தயங்காமல் சொல்லுங்கள். "பொண்ணுக்கும் ஒருமுறை ரத்தம் பாத்துடுவோம்" என்று கேளுங்கள். பெண் கேரியர் இல்லையென்றால் அச்சத்துக்கு இடமில்லை. இருவரும் கேரியர் என்றால், மருத்துவர் முன் அமர்ந்து பேசி முடிவெடுக்க இன்னும் காலம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு, மருத்துவமனைக் கட்டிலருகே அந்த உண்மையை முதன்முதலாகச் சொல்லும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம்.