நச்சுநிரல் புகுந்த கணிப்பொறி: செப்பனிடுவதா, புதிதாய் நிறுவுவதா?

உடலுக்கு நோய் கண்டால் நல்ல மருத்துவர் முதலில் நோய் இன்னதென்று தெளிவார்; பின்னர் அது தோன்றிய காரணத்தை நாடுவார்; அதன் பின்னரே மருந்தைத் தொடுவார். இவ்வொழுங்கை வள்ளுவப் பெருந்தகையார் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்தருளினார். இன்று நம் இல்லங்களில் இடம்பெற்றுவிட்ட கணிப்பொறிக்கும் நோய் வருகின்றது. அதற்கும் அவ்வொழுங்கே பொருந்தும் என்பதை வரலாற்றின் வாயிலாக எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தங்கவயல் மக்களாகிய நமக்கு இது வெறும் இயந்திரச் செய்தியன்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம் பிள்ளைகள் பிழைப்பு நாடிப் பல ஊர்களுக்கும் சென்றனர். பாட்டனார் சுரங்க வாயிலில் நின்ற நிழற்படமும், தந்தையாரின் பணிச் சான்றும், மணவிழாக் காட்சிகளும் இன்று பல வீடுகளில் கணிப்பொறியின் வட்டிலேயே உறைகின்றன. அவ்வட்டை அழித்தால் மீண்டும் வாராதவை அவை. ஆதலின், 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாய் நிறுவுங்கள்' என்று கடைக்காரர் எளிதாகச் சொல்லும்போது, நம் நெஞ்சு நடுங்குவது இயல்பே.

முதல் நச்சுநிரல்கள்

1986-ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெய்ன்' என்பது, ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் நச்சுநிரலாகக் கருதப்படுகின்றது. அது நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் தான் அமர்ந்துகொண்டு, அங்கிருந்த மூல நிரலை வேறோரிடத்தில் ஒளித்து வைத்தது. தம் கடையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையுங்கூட அதில் அவர்கள் பொறித்திருந்தனர்! மூலம் அழியாமல் இருந்தமையால், அதனை மீண்டும் பழைய இடத்தில் வைத்தால் வட்டு நலம் பெற்றது. அக்காலத்தில் செப்பனிடுதலே போதிய மருந்தாயிருந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. தைவான் நாட்டு மாணவர் ஒருவர் எழுதிய 'சி.ஐ.எச்.' என்னும் நச்சுநிரல் 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் விழித்தெழுந்தது. அது வட்டின் முற்பகுதியை அழித்ததோடு நில்லாமல், கணிப்பொறியைத் துயிலெழுப்பும் 'பயாஸ்' சில்லின் எழுத்தையும் சில பொறிகளில் சிதைத்தது. அத்தகைய பொறிகளில் வட்டைத் துடைத்தும் பயனில்லை. சில்லையே மாற்ற வேண்டியதாயிற்று. நோய் எவ்வளவு ஆழம் சென்றது என்பதே மருந்தை முடிவு செய்கின்றது என்னும் உண்மை அன்று உலகுக்கு விளங்கிற்று.

பெரிய நிறுவனங்கள் கண்ட வழி

2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் உக்ரைன் நாட்டில் வழங்கிய ஒரு கணக்கு மென்பொருளின் வாயிலாக 'நாட்பெட்யா' பரவியது. பணம் கேட்பதுபோல் நடித்த அது, பணம் கொடுத்தாலும் கோப்புகளை மீட்க இயலாதவாறு கெடுத்தது. 'மெர்ஸ்க்' என்னும் டென்மார்க் கப்பல் நிறுவனம் இதனால் நிலைகுலைந்தது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது. அந்நிறுவனம் செப்பனிடும் முயற்சியில் காலத்தைப் போக்கவில்லை. 4,000 சேவைக் கணிப்பொறிகளையும் 45,000 மேசைக் கணிப்பொறிகளையும் பத்தே நாட்களில் புதிதாய் நிறுவியதாக அதன் தலைவர் 2018-இல் கூறினார். அதற்கு உதவியது யாது? வலையமைப்பின் அடிப்படைப் பதிவேட்டின் ஒரு படி, கானா நாட்டு அலுவலகத்தில் மின்வெட்டினால் அணைந்து கிடந்த ஒரு பொறியில் கெடாமல் தப்பியிருந்தது. மின்வெட்டையும் வாழ்த்த வேண்டிய நாள் அது!

நம் நாட்டில், புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையை 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இந்நோய் தாக்கியது. ஐந்து சேவைக் கணிப்பொறிகளில் ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவான தகவல்கள் பூட்டப்பட்டன என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளிகளின் பதிவு கையெழுத்துக்கு மாறிற்று. தாக்குதலுக்கு உட்படாத காப்புப் பொறியிலிருந்து தகவல்கள் மீட்கப்பட்டன. எனினும் உடனே கதவு திறக்கப்படவில்லை. வலையமைப்பு முழுவதையும் தூய்மை செய்த பின்னரே, இரண்டு வாரங்கள் சென்று, பெரும்பாலான பணிகள் மீண்டன.

தமிழகத்துக் கூடங்குளத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். அணுமின் கழகத்தின் வலையமைப்பில் நச்சுநிரல் இருந்த செய்தி 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் தெரிவிக்கப்பட்டதாகவும், அது நிருவாகப் பணிக்குரிய இணையம் சார்ந்த ஒரு கணிப்பொறியில் இருந்ததாகவும், உலையின் உள்வலையமைப்பு தனித்திருந்ததால் தீங்கில்லை எனவும் அக்கழகம் அக்டோபர் 30-ஆம் நாள் அறிவித்தது. இடையே மதிலிருந்தால் நோய் ஓர் அறையோடு நிற்கும் என்பது இதனால் பெறப்படும்.

பேரேட்டுச் சோதனை

நாம் இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடுகளோடு வாழ்பவர்கள். ஆதலின் எமக்குத் தெரிந்த உவமையையே கூறுகின்றோம். பேரேட்டில் பொய்ப் பதிவு ஒன்று காணப்பட்டு, அது இன்ன பக்கத்தில், இன்ன வரியில் என்பதும் உறுதியானால், அதனை அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் இட்டால் போதும். ஆனால் கள்ளச் சாவி வைத்திருந்தவன் எத்தனை இரவு உள்ளே வந்தான், எந்தெந்தப் பக்கத்தைத் தொட்டான் என்பது தெரியாவிடில், அவ்வேட்டை நம்புவது எங்ஙனம்? அடிக்கட்டைகளைக் கொண்டு புதுப் பேரேடு தொடங்குவதே நேர்மை.

கணிப்பொறியில் இவ்வையம் இன்னும் கடுமையானது. சில நச்சுநிரல்கள் இயக்க முறைமையின் அடித்தளத்திலேயே புகுந்து, சோதிக்கும் கருவிக்கே பொய்யுரைக்கின்றன. திருடனையே காவலனாக்கி, 'திருடன் உண்டோ?' என்று அவனையே வினவுவது போன்றது அது. 'யாதுமில்லை' என்றே விடை வரும்!

ஆகவே, விளம்பரங்களைத் திணிக்கும் சிறு நிரல் ஒன்று, பெயர் அறியப்பட்டது, வேறெதனையும் தொடாதது எனத் தெளிந்தால் செப்பனிடலாம். மறைச்சொற்கள் களவு போயின, கோப்புகள் பூட்டப்பட்டன, பாதுகாப்பு மென்பொருளே முடங்கிற்று என்றால் புதிதாய் நிறுவுவதே தக்கது. ஐயம் நீங்காத இடத்திலும் அதுவே வழி.

இவ்வாண்டு நம் சங்கக் கணிப்பொறிக்கும் இந்நிலை வந்தது. உறுப்பினர் பட்டியலும் ஈமச்சடங்கு உதவி நிதிக் கணக்கும் அதில் இருந்தன. 'துடைத்தால் போதும்' என்றனர் மூத்தோர். 'புதிதாய் நிறுவுக' என்றனர் இளைஞர். எவ்வழியே நோய் புகுந்ததென்று எவராலும் காட்ட முடியவில்லை. கைம்பெண்களுக்குச் சேர வேண்டிய பணத்தை ஐயத்தின்மேல் வைத்தல் ஆகாது என்று குழு இளைஞர் பக்கமே முடிவு செய்தது. இரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் கைவசம் இருந்தமையால் கணக்கு மீண்டது. பழைய விழாப் படங்கள் சில மட்டும் மீளவில்லை. அவ்விழப்பு இன்னும் நம்மை வருத்துகின்றது.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் இணையத் தொடர்பை அறுக்க. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் புறவட்டில் படியெடுக்க. நிரல்களை எடுத்தல் வேண்டா. நிறுவு கோப்பை நோயற்ற வேறொரு கணிப்பொறியில் ஆயத்தம் செய்க. பழைய வட்டை முற்றும் அழித்து நிறுவி, இற்றைப்படுத்திய பின்னர், படிகளைச் சோதித்தே உள்ளே விடுக. வங்கி, அஞ்சல் மறைச்சொற்களை நோயற்ற பொறியிலிருந்து மாற்றுக. களவு போன சாவிக்குப் புதுவீடு மருந்தாகாது.

அன்பர்களே! மெர்ஸ்க் நிறுவனத்துக்குக் கானாவும், எய்ம்ஸுக்குக் காப்புப் பொறியும், நம் சங்கத்துக்கு அடிக்கட்டைகளும் கைகொடுத்தன. அடிக்கட்டை உடையவனே அஞ்சாது புதுப் பேரேடு தொடங்க வல்லவன். ஆதலின் இம்மலரைப் படித்து முடித்ததும், உங்கள் இல்லத்துப் படங்களையும் ஆவணங்களையும் ஒரு தனி வட்டில் படியெடுத்து, அதனைக் கணிப்பொறியினின்றும் கழற்றிப் பேழையில் வைப்பீர்களாக. நோய் வருமுன் செய்யத்தக்க மருத்துவம் அதுவே.