'மாமூல்': ஒரு சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

பழைய நடைமுறையைக் குறிக்க மரபு, வழக்கு, வழமை, பண்டை முறை எனத் தமிழில் சொற்கள் பல உள. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல் எனப் பெயர் பெற்றிருப்பது, முன்னோர் நெறிக்குத் தமிழர் அளித்த இடத்தைக் காட்டும். இச்சொற்களோடு பிற்காலத்தில் வந்து சேர்ந்த 'மாமூல்' என்னும் சொல்லின் பொருள் மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் வரவு

செயல் எனப் பொருள்படும் 'அமல்' என்ற அரபுச் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது மாமூல். 'செய்யப்பட்டு வருவது' என்பது இதன் நேர்பொருள். பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே இந்திய மொழிகளில் இது பரவியது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இதனை நிலைபெற்ற வழக்கம் என்ற பொருளிலேயே பதிவு செய்கிறது.

உரிமைப் பொருள்

சென்னை மாகாண வருவாய்த்துறையில் மாமூல் என்பது உரிமைக்குச் சான்றாகும் சொல். நெடுங்காலமாகப் பாசனம் பெற்று வந்த நிலம் 'மாமூல் நஞ்சை' எனப்பட்டது. எந்த மதகில் யாருக்கு எவ்வளவு நீர் என்னும் பாசன வழக்கங்களைக் குறித்து வைத்த பதிவு 'மாமூல்நாமா' எனப்பட்டது. எழுதப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில் குடியானவர்க்கு மாமூலே பாதுகாப்பாக விளங்கியது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் நூல்விதியினும் வலியது என 1868இல் இராமநாதபுரம் வழக்கில் பிரிவி கவுன்சில் கூறியதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இழிபொருட்பேறு

இன்று தமிழில் இச்சொல் 'வழக்கமானது' என்னும் பொருளோடு, அலுவலர் முறைகேடாகப் பெறும் கையூட்டையும் குறிக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இவ்விரு பொருள்களும் உண்டு. மலையாளத்தில் மாற்றம் வேறு வகையினது. அங்குச் சீர்திருத்தம் பேசுவோர் எதிர்க்கும் பழைய ஆசாரங்களே 'மாமூல்' ஆயின. உருதுவிலும் இந்தியிலும் 'மாமூலி' என்பது சாதாரணமானதைச் சுட்டும்.

இங்குச் 'சுதந்திரம்' என்ற சொல்லையும் உடன் வைத்து நோக்கலாம். ஊர்ப்பணியாளர் களத்துமேட்டில் பெற்ற உரிமைப் பங்கு ஒருகாலத்தில் இப்பெயரால் வழங்கியது. அப்பொருள் மங்கி, விடுதலைப் பொருளே நிலைபெற்றது. வழக்கத்தால் வரும் பங்கைச் சுட்டிய இரு சொற்களுள் ஒன்று உயர்பொருளில் நின்றது. மற்றொன்று இழிபொருளை அடைந்தது.

இவ்விழிவின் காரணம் சொல்லிலேயே உள்ளது. வாங்குவோனும் கொடுப்போனும் 'கையூட்டு' என்று கூறக் கூசுவர். 'வழக்கமாகத் தருவது' என்றால் கூச்சம் அகலும். நன்னூலார் கூறும் தகுதி வழக்கினுள் குழூஉக்குறியின் தன்மையை இவ்வாட்சி பெற்றுள்ளது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் குற்றம் எனக் கொள்வதை, இச்சொல் பழக்கம் எனக் காட்டுகிறது.

முடிவுரை

குடிமக்களின் நீருரிமையைக் காத்த சொல்லே, அவர்களிடமிருந்து முறைகேடாகப் பெறுவதன் பெயராகவும் மாறியுள்ளது. பழமைக்கு மக்கள் அளிக்கும் மதிப்பைக் கையூட்டு கடன் வாங்கிக்கொண்டது எனலாம். இதனால் 'மாமூல்படி' என உழவர் கோரும் நியாயமான கோரிக்கையின் மீதும் ஐயத்தின் நிழல் படிகிறது. எனவே பழைய பாசன ஆவணங்களைப் பயில்வோர், இன்றைய பொருளை விலக்கி அக்காலப் பொருளிலேயே இச்சொல்லைக் கொள்ளுதல் இன்றியமையாதது.