கதவைத் தட்டிப் பார்ப்பவர்கள்

பசுவந்தனைப் பக்கம் யாராவது புதுசா கார் வாங்கி வந்தால் கேள்விகள் வரிசையாக வரும். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கு?" "சாமான் கோவில்பட்டியில கிடைக்குமா?" "நாளைக்கு வித்தா என்ன போகும்?" கடைசியில் ஒருத்தர் விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்: "தகடு மெலிசால்ல இருக்கு!"

யூடியூபில் கார் விமர்சனம் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தக் கேள்விகள் சும்மா முளைத்தவை இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் வரை இந்தியாவில் கார் என்றால் பெரும்பாலும் மூன்று கம்பெனிகள்தான். வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் பிரீமியரின் பியட், நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை லைசென்ஸ் தீர்மானித்தது. பணம் கட்டிவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்கணும். அதனால் ஓடிய காருக்கும் மவுசு குறையவில்லை. கார் அன்றைக்குச் செலவு இல்லை, கிட்டத்தட்ட நிலம் மாதிரி ஒரு சொத்து. "வித்தா என்ன போகும்?" அங்கே பிறந்த கேள்வி.

மற்றதை மண் கேட்க வைத்தது. கரிசல் மழையில் வீங்கும், வெயிலில் வெடிக்கும். ஐப்பசியில் சக்கரத்தோடு அப்பிக்கொண்டால் மாட்டு வண்டியே திணறும். அம்பாசடருக்கு 15 அங்குலச் சக்கரம், பின்னால் பட்டை ஸ்பிரிங், ஊர் மெக்கானிக்கே பிரித்துக் கோர்க்கக்கூடிய எளிய இன்ஜின். கனம்தான் பலம் என்ற நம்பிக்கை அப்படி உறைந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, 796 சிசி, 12 அங்குலச் சக்கரம். மைலேஜில் ஜெயித்தது, கதவுத் தட்டலில் தோற்றது.

இந்தத் தட்டலில்தான் சிக்கல். மோதலின் வேகத்தை யாராவது வாங்கித்தான் ஆகணும். வண்டியின் முன்பக்கம் நசுங்கி அதை வாங்காவிட்டால் உள்ளே இருக்கிறவர் உடம்பு வாங்கும். நசுங்கும் முன்பக்கம், நசுங்காத கூடு என்ற யோசனைக்கு மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பரேனி ஐம்பதுகளிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கதவுத் தகட்டின் சத்தம் இதில் எதையும் சொல்லாது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் இந்தியாவில் விற்ற ஐந்து கார்களை மோதிப் பார்த்த முடிவை வெளியிட்டது. வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். ஆல்டோ, நானோ, ஐ10, பிகோ, போலோ ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். அதில் போலோவின் கூடு குலையவில்லை. சோதித்த வண்டியில் ஏர்பேக்தான் இல்லை. இரண்டு ஏர்பேக் வைத்த போலோவுக்கு நான்கு ஸ்டார் கிடைத்தது. தட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே சத்தம்தான் கொடுத்திருக்கும்.

அதே வருசம்தான் மாருதி 800-ம் அம்பாசடரும் உற்பத்தியை நிறுத்தின. வண்டிகள் போய்விட்டன, கேள்விகள் போகவில்லை. இன்றைக்குப் பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி போனால் நான்குவழிச் சாலை. அங்கே நூறில் போகிறோம். மாட்டு வண்டித் தடத்தில் கற்ற புத்தி அந்த வேகத்துக்குப் போதாது.

2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் இருக்கிறது. கம்பெனிகள் விரும்பினால் மட்டும் சோதனைக்குக் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. நாம கேட்டால்தான் கொடுப்பார்கள். மைலேஜைக் கேளுங்க, மறுவிலையைக் கேளுங்க. இரண்டும் நியாயமான கேள்விகள். "மோதினா என்ன ஆகும்?" என்று ஷோரூமில் ஒருதரம் சத்தமாகவும் கேட்டுவிடுங்க.