லினக்ஸ் இசைக்கருவி ஆன வரலாறு: இத்தாலியின் பங்கு

லினக்ஸ் கணினியில் முதலில் ஒலி எழுப்ப வழிசெய்தவர் ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனென். 1992இல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்காக அவர் எழுதிய டிரைவர்தான் பின்னாளில் ஓ.எஸ்.எஸ். என்ற பெயரில் நிலைத்தது. பிறகு அது வணிக நிறுவனம் ஒன்றின் பொருளாகவும் மாறியது. பல தடங்களில் ஒலிப்பதிவு செய்யும் கார்டுகளுக்கு அதன் அமைப்பும் போதவில்லை. செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசெலா கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்காகத் தனியே டிரைவர் எழுதினார். அந்த முயற்சி 1998இல் அல்சா என்ற திட்டமாக விரிந்தது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின், 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில் ஓ.எஸ்.எஸ். இருந்த இடத்துக்கு அல்சா வந்தது. இவை கூலிக்குச் செய்த வேலைகளாகத் தொடங்கவில்லை. தத்தம் கார்டு வேலை செய்ய வேண்டும் என்ற தேவையே பலரை இதில் இறக்கியது.

பாட்டுக் கேட்பதற்கு இவ்வளவு போதும். கணினியை வாத்தியமாக வாசிக்கவும், பாடப் பாடப் பதிவு செய்யவும் இது போதாது. கணினி ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கிச் சவுண்ட் கார்டுக்கு அனுப்புகிறது. இலையில் சோறு தீர்வதற்குள் அடுத்த கரண்டி விழுந்துவிட வேண்டும் என்ற பந்தி நியதிதான் இங்கும். துண்டு பெரிதாக இருந்தால் கணினிக்கு மூச்சுவிட நேரம் உண்டு, ஆனால் விரல் தட்டிய ஒலி காதுக்கு வரத் தாமதமாகும். துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் கணினி ஒரு கணம் வேறு வேலையில் மூழ்கினாலும் படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 64 மாதிரிகள் கொண்ட துண்டு 1.33 மில்லி விநாடி நீளம். இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றி நிரப்பினால் தாமதம் ஏறக்குறைய 2.7 மில்லி விநாடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஒரு மீட்டர்கூடப் போகாது. 30 மில்லி விநாடி என்றால் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து மிருதங்கம் வாசிப்பதற்குச் சமம். துரித காலத்தில் தனியாவர்த்தனம் வாசிப்பவர் இதைப் பொறுக்கமாட்டார்.

இந்தத் தாமதம் எவ்வளவு என்று 1999இல் அளந்து காட்டியவர் வட இத்தாலியைச் சேர்ந்த பென்னோ செனோனெர். அவர் எழுதிய லேட்டன்சிடெஸ்ட் என்ற சிறு நிரல் ஒலித்துண்டுகளை இடைவிடாமல் ஒலிக்கவிடும். அதே நேரத்தில் வட்டில் பெரிய கோப்புகளை எழுதும், படிக்கும், நகலெடுக்கும்; திரையில் படங்களை வரையும். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்பதை வரைபடமாக்கும். வட்டில் எழுதும் நேரத்தில் கோடு செங்குத்தாக எகிறுவதை யாரும் தம் கணினியிலேயே பார்க்கலாம். “லினக்ஸில் ஒலி சரியில்லை” என்று அதுவரை பொதுவாகச் சொல்லப்பட்ட குறை, கெர்னலில் இன்ன வேலையின்போது இவ்வளவு நேரம் என்ற திட்டமான புகாராக அன்று மாறியது. ஹங்கேரியின் இங்கோ மோல்னார் அந்த வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கெர்னல் நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்களை ஒவ்வொன்றாக உடைத்துத் திருத்தினார். திருத்திய 2.2 கெர்னலில் தாமதத்தை 3 மில்லி விநாடிக்குள் நிறுத்த முடிந்தது. இந்தத் துறையில் நடந்த பணிகளிலேயே பெரிது எது என்றால், எந்தப் பெரிய மென்பொருளையும்விட இந்த அளவைச் சோதனையைத்தான் சொல்ல வேண்டும்.

2000இல் ஒலி மென்பொருள் எழுதுவோர் பலர் கையெழுத்திட்டு, இத்திருத்தங்களை 2.4 கெர்னலில் சேர்க்கும்படி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குக் கூட்டாக வேண்டுகோள் விடுத்தனர். அவர் இணங்கவில்லை. கெர்னல் முழுவதும் ஒட்டுப்போட்டது போலாகிவிடும் என்ற தயக்கத்திலும் நியாயம் இருந்தது. அதனால் ஆண்டுக்கணக்கில் இசைக்காரர்கள் தாங்களே கெர்னலைத் திருத்தித் தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிதார் வாசிப்பவருக்கு இது சுலபமான வேலையல்ல.

கெர்னலுக்கு மேலடுக்கில், இசை நிரல்களில், பணி வேகமாகப் போனது. ரிச்சர்ட் ஃபர்ஸ் 2000இல் லாட்ஸ்பா என்ற செருகுநிரல் முறையை வகுத்தார். அமேசான் நிறுவனத்தின் தொடக்ககால நிரலாளர்களில் ஒருவரான பால் டேவிஸ், பல தடப் பதிவுக்கான ஆர்டர் மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் உள்ளிருந்த ஒலிப்பகுதியைத் தனியே பிரித்தபோது ஜாக் பிறந்தது. ஒரு நிரலின் ஒலியை இன்னொன்றின் உள்ளே, கம்பி செருகுவதுபோல, இணைக்க ஜாக் வழிவிட்டது. டிரம் ஒரு நிரல், சிந்தசைசர் ஒன்று, பதிவு வேறொன்று என்று தனித்தனி ஆட்கள் எழுதியவை ஒரே தாளத்தில் ஓடின. தன்னார்வலர்கள் சிதறிக் கிடக்கும் உலகுக்கு இது மிகப் பொருத்தமான அமைப்பு. அந்த டிரம் நிரல்களில் பெயர் பெற்ற ஹைட்ரஜனைத் தொடங்கியவர் இத்தாலியரான அலெஸ்ஸாந்த்ரோ கொமினு.

இத்தாலிய இசை என்றால் சிசிலித் தீவின் பலெர்மோவில் வியா மக்வேதா தெருவின் முனையில் நிற்கும் தெயாத்ரோ மாசிமோதான் பலருக்கும் நினைவில் வரும். 1897இல் வெர்தியின் ஃபால்ஸ்டாஃபுடன் திறக்கப்பட்ட ஓபரா அரங்கம் அது. கணினி இசையிலும் அந்நாட்டுக்கு ஆழமான மரபு உண்டு. இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 1987இல் புளோரன்ஸில் டெம்போ ரியாலே மையத்தை நிறுவினார். அந்த மையத்தின் தலைமையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், 2002 முதல் 2004 வரை நடந்ததே அக்னூலா திட்டம். பாரிஸின் இர்க்காம், பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம், ஸ்டாக்ஹோமின் கே.டி.ஹெச்., ரெட் ஹாட்டின் பிரெஞ்சுக் கிளை, ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஆகியவை பங்காளிகள். இசைக்கான நிரல்களையும் திருத்திய கெர்னலையும் ஒரே நிறுவலில் தருவது நோக்கம்.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் மீது அமைந்த அக்னூலா வடிவமான டெமூடி வெறுமையிலிருந்து எழவில்லை. இசைக்கலைஞர் மார்கோ திரெவிசானி, டெபியன் நிரலாளர் குண்டர் கைகர் போன்ற தன்னார்வலர்கள் முன்பே தொடங்கிய வேலை அது. ஐரோப்பியப் பணம் வாங்கித் தந்தது புதிய கண்டுபிடிப்புகளை அல்ல. தொகுப்பது, சோதிப்பது, கையேடு எழுதுவது என, சம்பளமில்லாமல் யாரும் ஆசையாகச் செய்யாத வேலைகளைத்தான். பணம் நின்றபின் டெமூடி மீண்டும் தன்னார்வலர் கைக்கே வந்தது. அதில் உழைத்த ஃப்ரீ எகனாயக்க பிறகு 64 ஸ்டூடியோ என்ற வழங்கலிலும் பங்கேற்றார். 2007இல் வந்த உபுண்டு ஸ்டூடியோ அதே எண்ணத்தைப் பரந்த வட்டத்துக்குக் கொண்டுபோனது.

சிசிலித் தீவின் பங்கு வேறு வகை. பலெர்மோவுக்குக் கிழக்கே காட்டானியாவில் 1990களில் உருவான ஃப்ரீக்நெட் குழு, பழைய கணினிகளைப் பழுதுபார்த்துப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. இக்குழுவோடு இயங்கிய ஜரோமில் என்பவர் உருவாக்கிய லினக்ஸ் வழங்கலே டைன்:போலிக். குறுந்தகட்டைப் போட்டால் போதும், எதையும் நிறுவாமலே ஒலி, ஒளி வெட்டும் கருவிகளும் வானொலி ஒலிபரப்பும் நிரலும் கிடைக்கும். பெந்தியம் காலத்துக் கணினியிலும், மாற்றியமைத்த எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியிலும்கூட அது ஓடியது. ஸ்டூடியோக்காரர்கள் மில்லி விநாடிக்காக மல்லுக்கட்டிய நாட்களில், கழித்துப்போட்ட கணினியை ஒலிபரப்பு நிலையமாக்க இவர்கள் முனைந்தார்கள். பலெர்மோவில் வியா மக்வேதாவை ஒட்டிய பல்லாரோ போன்ற, ஈழத்தமிழரும் வங்காளியரும் குடியேறிய பழைய நகரப் பகுதிகளுக்கு இரண்டாவது வழியே அதிகம் பொருந்தும்.

2003இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் தொடங்கிய லினக்ஸ் ஒலி மாநாடு 2009இல் இத்தாலியின் பார்மா நகர இசை இல்லத்தில் கூடியது. அங்கே பணியாற்றிய பெல்ஜியரான ஃபோன்ஸ் அட்ரியான்சென், குழாய் ஆர்கனின் ஒலியைக் கணக்கிட்டே எழுப்பும் ஏயோலஸ் போன்ற நிரல்களால் அறியப்பட்டவர்.

கெர்னலில் தொடங்கிய வழக்கு முடிய ஒரு தலைமுறை ஆயிற்று. 2.6இல் பாதி வழி கிடைத்தது. 2005இல் சாதாரணப் பயனரும் ஒலி நிரலுக்கு முன்னுரிமை கேட்க அனுமதி வந்தது. மோல்னாரும் தாமஸ் கிளைக்ஸ்னரும் பிறரும் வளர்த்த நிகழ்நேரத் திருத்தத் தொகுதி முழுமையாக ஏற்கப்பட்டது 2024 நவம்பரில் வந்த 6.12இல்தான். அதைக் கடைசிவரை தள்ளிச்சென்றது தொழிற்சாலை எந்திரங்களின் தேவையும் நிறுவனங்களின் பணமும்; இசைக்காரர்கள் தொடக்கத்தில் சோதித்துத் தந்தவர்கள். மேலடுக்கில் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் 2021இல் ஃபெடோரா 34 வழங்கலின் இயல்பான ஒலி அமைப்பானது; ஜாக்குக்காக எழுதிய நிரல்கள் அதன்மீது மாற்றமின்றி ஓடுகின்றன.

தனி ஆளின் உழைப்பை நம்பிய இடங்கள் இன்னும் உண்டு. ஃபயர்வயர் கம்பியில் இணையும் பழைய ஸ்டூடியோ கருவிகளைப் பல நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. லினக்ஸில் அந்தப் பகுதியைப் பொறுப்பேற்றுப் பராமரிப்பவர் ஜப்பானின் தகாஷி சகமோட்டோ. 2029 வரை அதைத் தொடர்வது அவர் அறிவித்த திட்டம்.