சொல்லாட்டத்திற் தகுதி: மலையகத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

போட்டிகளின் வரலாறு பெரும்பாலும் வென்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போட்டியிடும் தகுதியை எவர் பெற்றனர், அத்தகுதி எவ்வாறு வரையறுக்கப்பட்டது என்பன அருகியே ஆராயப்படுகின்றன. ஸ்கிரபிள் எனப்படும் ஆங்கிலச் சொல்லாட்டத்தின் உலகப் போட்டிக்கு ஆட்டக்காரர் தெரிவாகும் முறை, நுவரெலியா, ஹற்றன் முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வளரும் மாணவனுக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ் என்பவரே இவ்வாட்டத்தை வகுத்தவர். செய்தித்தாளின் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகின்றது என எண்ணிப் பார்த்து, எழுத்துகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் அவர் அமைத்தார். 225 கட்டங்கள் கொண்ட பலகை, 100 வில்லைகள், ஆட்டக்காரர் ஒருவர் கையில் ஏழு எழுத்துகள். ஜேம்ஸ் புரூணோ என்பவர் இதற்கு ஸ்கிரபிள் எனப் பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது 1948ஆம் ஆண்டிலாகும்.

ஆங்கில மொழியிலான உலகப் போட்டி முதன்முதலாக 1991இல் லண்டனில் நடைபெற்றது. அதன்பின் ஈராண்டுக்கொரு முறை நடந்த போட்டிகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையான இடங்களே ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களுக்குரியோரை அந்தந்த நாட்டுச் சங்கங்களே தெரிவு செய்தன. தேசியப் போட்டியில் வென்றவரைத் தெரிதல் ஒரு முறை. பல போட்டிகளில் ஆடிப் பெற்ற தரப்புள்ளிகளின் வரிசைப்படி தெரிதல் இன்னொரு முறை. வலியவரை வென்றாற் தரப்புள்ளி மிகுதியாக உயரும். மெலியவரிடந் தோற்றால் அவ்வாறே இறங்கும். ஆகவே ஒரு நாளைய வெற்றி போதாது. போட்டிகள் நடைபெறும் நகருக்கு மீண்டும் மீண்டுஞ் சென்று ஆடும் வசதியும் வேண்டும். 2014இல் லண்டனில் நடந்த போட்டி விரும்பியோர் அனைவர்க்குந் திறந்துவிடப்பட்டதாயினும், பயணச் செலவும் கடவுச்சீட்டும் அப்பொழுதுந் தேவைப்பட்டன. இளைஞர்க்கான உலகப் போட்டி 2006இல் அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் நகரில் தொடங்கியது.

இம்முறையில் வெளிப்படையாகச் சொல்லப்படாத முதல் நிபந்தனை, ஆட்டக்காரருக்கு ஒரு நாடு இருத்தல் வேண்டும் என்பதாகும். மலையகத்தின் வரலாறு இங்கேதான் குறுக்கிடுகின்றது. ஸ்கிரபிள் பெயர் பெற்ற அதே 1948இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தனர் என நிறுவ வேண்டியிருந்தமையால், தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரு நாடுகளுக்குஞ் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும் விடுபட்டுப் போனோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமை வழங்கியது. உலகப் போட்டி தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு உரித்தற்றோர் இம்மலைகளில் வாழ்ந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது நிபந்தனை மொழியாகும். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை உரியவாறு பெறவில்லை. தோட்ட நிருவாகத்தின் கீழ், பெரும்பாலும் ஓராசிரியரைக் கொண்டு, தொடக்க வகுப்புகளோடு அவை நின்றுவிட்டன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே, 1970களின் பிற்பகுதியில், அப்பாடசாலைகளும் அரசிடம் வந்தன. ஆங்கில நூல்களும் ஆங்கில ஆசிரியரும் எளிதிற் கிட்டாத சூழலில், கொழும்பு மாணவன் சிறுவயதிலேயே பழகும் ஆட்டம் லயத்துப் பிள்ளையை எட்டாதிருந்ததில் வியப்பில்லை.

எனினும் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டோரே இவ்வாட்டத்தில் வெல்ல முடியும் என முடிவு கட்டுதல் பொருந்தாது. 2003இல் கோலாலம்பூரில் உலகப் பட்டம் பெற்ற பனுபோல் சுஜ்ஜயகோர்ன் தாய்லாந்தைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர். அந்நாட்டிற் பாடசாலைகள் வழியாகவே இவ்வாட்டம் பரப்பப்பட்டது. நியூசிலாந்திற் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேச அறியாதவராயிருந்தும் அதன் சொற்பட்டியலை மனனஞ் செய்து, 2015இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். 2015இல் பேர்த் நகரில் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகியர் உலக வெற்றி ஈட்டினார். ஆட்டத்திற்கு வேண்டுவன நினைவாற்றல், கணக்கறிவு, இடையறாப் பயிற்சி ஆகியன என்பதை இவை உணர்த்துகின்றன.

இவ்வாற்றல்கள் மலையகத்திற்குப் புதியனவல்ல. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றின் நெடும்பாடல்களை ஏட்டின் துணையின்றி நினைவிற் காத்து வந்தோர் எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளரே. வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தளித்த சி. வி. வேலுப்பிள்ளை, வட்டகொடைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, ஆங்கிலத்திற் கவிதை படைத்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவுந் தெரிவானார். வாய்ப்புக் கிட்டியவிடத்து இம்மண்ணின் பிள்ளை அயல்மொழிச் சொல்லையும் ஆளவல்லது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும். அத்தகையோரை அனுப்பிவைத்த வாக்காளரிற் பெரும்பாலோர் அடுத்த தேர்தலுக்கு முன்னரே வாக்குரிமை இழந்தமை வரலாறு.

எனவே தகுதி என்பது ஆட்டக்காரரின் திறமையை மட்டும் அளப்பதன்று; அவர் நிற்கும் இடத்தையுஞ் சேர்த்தே அளக்கின்றது எனலாம். பிரசாவுரிமை என்ற முதல் வாயில், ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் சட்டத்தாற் திறக்கப்பட்டது. இரண்டாம் வாயிலைத் திறக்கப் பெருஞ்சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பாடசாலைதோறும் ஒரு பலகை, ஓர் அகராதி, பயிற்றுவிக்க ஓர் ஆசிரியர், தகுதிப் போட்டிகளிற் சிலவற்றை ஹற்றனிலோ நுவரெலியாவிலோ நடத்தும் ஏற்பாடு ஆகியன போதும். அவை வாய்க்குமாயின், தேயிலை மலைகளின் பிள்ளைகள் தம் சொல்வன்மையைத் தாமே மெய்ப்பிப்பர்.